மழைக்கு முன்னால் ஒரு கேள்வி: முகாமில் பிள்ளைகள் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

உப்பலவாடி_இளைஞன்:

வணக்கம். கடலூர் குண்டு உப்பலவாடிப் பக்கம் எங்கள் வீடு. பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் தெரு இளைஞர் மன்றம்.

2024 டிசம்பர் வெள்ளம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்துவிட்டது, இனி பயமில்லை என்று இருந்தோம். சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை ஊருக்குள் வந்துவிட்டது. நாணமேடு, உச்சிமேடு, தாழங்குடா என்று எல்லாப் பக்கத்து ஜனமும் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும்தான் படுத்துக் கிடந்தது.

சாப்பாட்டுக்கும் போர்வைக்கும் குறையில்லை. பிரச்சினை பிள்ளைகள் விஷயத்தில். ஒரு தொண்டு நிறுவனம் மதியம் ஃபாரத்தோடு வந்து பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டு போனது. சாயங்காலம் கல்லூரி மாணவர்கள் வந்து அதையே எழுதினார்கள். மறுநாள் இன்னும் இரண்டு குழு. ஒரு பெண் பிள்ளையிடம் "தண்ணி உள்ள வந்தப்ப பயந்தியா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். கடைசியாக வந்தவருக்கு அவள் பதிலே சொல்லவில்லை. அவர் ஃபாரத்தில் "மன அதிர்ச்சி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி ஒரு பையனைக் காணோம் என்று அவன் அம்மா அலறினபோது, இத்தனை ஃபாரத்தில் ஒன்றுகூட முகாமில் இல்லை. எல்லாம் அவரவர் ஆபீசுக்குப் போய்விட்டன. பையனை அவன் மாமா மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார் என்பது விடியற்காலைதான் தெரிந்தது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பக்கத்து மன்றங்களோடு உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறோம். இந்த வேலையை யார் ஒருங்கிணைக்க வேண்டும்? நாங்களா, தாசில்தாரா, என்.ஜி.ஓ.க்களா? நெட்டில் தேடினால் ஐ.நா. கிளஸ்டர், தரநிலை என்று என்னென்னவோ வருகிறது. நம்ம ஊர் ரெண்டு மூன்று நாள் முகாமுக்கு அதில் ஏதாவது உதவுமா?

---

சாப்ட்வேர்வாசி:

ரொம்ப சிம்பிள் ப்ரோ. எல்லாக் குழுவையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. ஒரு கூகுள் ஃபாரம், பிள்ளை போட்டோவோட. ஷீட்டை எல்லாருக்கும் ஷேர் பண்ணிட்டா டூப்ளிகேட்டே வராது.

---

ஓய்வுபெற்ற_சூப்பர்வைசர்:

தம்பி, நான் கடலூரில் அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்தவள். சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் நான் சர்வீசில் இருக்கும்போதே வந்தன. ஃபெஞ்சல் வந்தபோது ஓய்வு பெற்றிருந்தேன், ஆனாலும் பழைய டீச்சர்கள் போன் செய்து வரவழைத்துவிட்டார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூகுள் ஃபாரம் சொன்ன தம்பிக்கு. புயல் அடித்த அன்றைக்கு கரண்ட் இருக்காது, டவர் இருக்காது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே அடித்த பிறகு கடலூரில் எத்தனையோ ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. அதைவிடப் பெரிய விஷயம், பிள்ளை போட்டோவும் பெயரும் ஊரும் உள்ள ஷீட்டை "எல்லாருக்கும் ஷேர்" பண்ணினால் அது யார் யார் போனில் போய் உட்காரும் என்று உங்களால் சொல்ல முடியாது. துணைக்கு ஆள் இல்லாத பிள்ளை எந்த முகாமில் இருக்கிறது என்கிற தகவல், தெரியக் கூடாதவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நோட்டு வாங்குங்கள். நல்ல அட்டை போட்ட பெரிய நோட்டு, ஒரு பிளாஸ்டிக் உறை, சாதா பால் பேனா. ஜெல் பேனா ஈரத்தில் கரைந்துவிடும்.

ஒரு முகாமுக்கு அந்த நோட்டு ஒன்றுதான். யாருக்குக் கணக்கு வேண்டுமானாலும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். யாரும் தனியாகப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பெயர் கேட்கக் கூடாது. என்னைக் கேட்டால் ஒருங்கிணைப்பில் முக்கால்வாசி இதுதான். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போவது, லெட்டர் பேட், பேனர், அடையாள அட்டை, இதெல்லாம் மீதிக் கால்வாசிக்குள் வரும். அதற்குத்தான் ஆட்கள் அதிகம் அலைகிறார்கள், அது வேறு கதை.

நோட்டு அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர் கையில் இருக்கட்டும். பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் கூட உட்காரட்டும். வெளியாட்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை யாருடையது, எந்த அப்பன் குடித்துவிட்டு அடிப்பான், எந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது டீச்சருக்குக் கேட்காமலே தெரியும். முகாம் கலைந்து எல்லோரும் போன பிறகும் அவள் அங்கேதான் இருப்பாள். உங்கள் மன்றம் அவளுக்குக் கைகாலாக இருக்க வேண்டும், அவளை ஓரம் கட்டிவிட்டு நீங்கள் மேஜை போடக் கூடாது.

நோட்டில் என்ன எழுதுவது? பிள்ளை பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், வயது, அப்பா அம்மா பெயர், தெரு, இப்போது யாரோடு இருக்கிறது, யார் கொண்டுவந்து விட்டது. வீட்டுப் பெயரை விட்டுவிடாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ரேஷன் கார்டில் உள்ள பெயர் தெரியாது, "பாப்பா"தான் தெரியும்.

வெளியே போவதையும் எழுத வேண்டும். எல்லோரும் கோட்டை விடுவது இதில்தான். எந்தப் பிள்ளை, எத்தனை மணிக்கு, யாரோடு, எங்கே போகிறது, கூட்டிப் போகிறவர் கையெழுத்து, போன் நம்பர். சொந்த மாமாவாக இருந்தாலும் சரி. உங்கள் முகாமில் அந்த அம்மா ராத்திரி முழுக்கத் தவித்ததற்கு இந்த ஒரு வரி இல்லாததுதான் காரணம்.

தனியாக இருக்கும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மன்றத்துப் பையன்கள் கேட்பார்கள். ஃபாரம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், சாப்பாட்டு வரிசையில் நில்லுங்கள். அம்மா அனுப்பிவைத்த பிள்ளை நாலு பொட்டலம் கேட்கும், "தம்பிக்கு ஒண்ணு, ஆயாவுக்கு ஒண்ணு" என்று சண்டை போடும். ஒரே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, அந்த இடத்திலேயே சுவர் ஓரமாகக் குந்தித் தின்கிற பிள்ளையிடம்தான் போய்ப் பேச வேண்டும். ரெண்டு வேளை தொடர்ந்து அப்படியென்றால் நோட்டில் குறித்து டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

துணி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். சுனாமி சமயத்தில் ஒரு முகாமில் பார்த்தேன். ஒரு சின்னப் பெண், பேச்சு சரியாக வராத வயது. நிவாரணத்துக்கு வந்த குழு ஒன்று எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டி, புது கவுன் போட்டுவிட்டு, சேறான பழைய துணியையெல்லாம் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. நல்ல மனசோடுதான் செய்தார்கள். அன்று மாலை ஒரு ஆயா வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "மஞ்சப் பாவாடை, சேப்பு ஜாக்கெட்டு போட்ட புள்ளயப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் இல்லை இல்லை என்றார்கள். மஞ்சள் பாவாடையில் அங்கே பிள்ளையே இல்லையே. கிழவிக்குக் கண் மங்கல். அவள் தேடிய பெண் பத்தடி தள்ளித் திண்ணையில் ரோஸ் கவுனில் உட்கார்ந்திருந்தது. பெண்தான் ஆயாவின் குரலைக் கேட்டு எழுந்து ஓடியது. அது தூங்கிக்கொண்டிருந்தால்? அதனால் பிள்ளை வந்தபோது என்ன உடுத்தியிருந்தது, காதில் கழுத்தில் இடுப்பில் என்ன இருந்தது என்பதை எழுதிவிட்டுத்தான் துணி மாற்ற வேண்டும். பழைய துணியை ஒரு பையில் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள்.

உறவு என்று சொல்லி யாராவது வந்தால் உடனே கொடுத்துவிடாதீர்கள், விரட்டவும் வேண்டாம். நம் பக்கம் சித்தி, அத்தை, ஆயா என்று வளர்க்க ஆள் இருக்கும், அது நல்லதுதான், விடுதியைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் வந்தவரையும் பிள்ளையையும் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டு வாசலில் என்ன மரம், பக்கத்து வீட்டில் யார், ஆட்டுக்குட்டிக்கு என்ன பேர். பெரியவரிடம் நீங்களே விடையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். "இவங்க அப்பா பேரு ஏழுமலைதானே?" என்று கேட்டால் எவனும் "ஆமாம்" என்பான். முக்கியமாக, வந்தவரைப் பார்த்ததும் பிள்ளை முகம் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

அப்புறம் இந்தப் படம் வரையச் சொல்வது. சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்து உள்ளூர் ஆட்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள், அதையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, வந்த குழுவெல்லாம் கிரேயான் டப்பாவோடு உட்கார்ந்து "அலையை வரை" என்றது. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் சொன்னான்: "நேத்து வந்த அக்காவுக்கு வரஞ்சு குடுத்தேனே, அவங்ககிட்ட வாங்கிக்கங்க." பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரே இடம், ஒரே நேரம், அதே முகம். காலையில் பத்து மணிக்கு டீச்சர் பாய் விரித்து உட்கார்ந்தால் பாட்டோ, கதையோ, தாயமோ, எதுவானாலும் சரி. விளையாட்டுச் சாமான் கொண்டுவருகிற குழு அந்தப் பாயில் வந்து உட்காரட்டும், தனிப் பாய் வேண்டாம்.

குழுக்கள் எல்லாம் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, நோட்டைச் சுற்றி நின்றபடியே பேசிவிட்டுக் கலையலாம். இன்று புதிதாக வந்த தனிப்பிள்ளை உண்டா, யார் வெளியே போனார்கள், ராத்திரி யார் காவல். வி.ஏ.ஓ.வையும் அதற்குக் கூப்பிடுங்கள், வருவார். உட்கார நாற்காலி போட்டால் அது கூட்டமாகிவிடும், டீ வாங்க ஆள் அனுப்புவார்கள், எட்டு மணி ஆகிவிடும்.

---

வக்கீல்_மஞ்சக்குப்பம்:

அம்மா சொன்னதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புயல் வந்தால் சட்டத்துக்கு லீவு கிடையாது.

தொலைந்துபோன, கைவிடப்பட்ட, ஆதரவில்லாத குழந்தை என்று தெரிகிற யாரையாவது நீங்கள் பொறுப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். பயண நேரம் இதில் சேராது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 32. யாரிடம்? 1098 என்கிற குழந்தைகள் உதவி எண், பக்கத்துக் காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, இதில் எதுவானாலும் சரி. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது அரசு ஊழியருக்கு மட்டுமில்லை, இளைஞர் மன்றத்துக்கும் பொருந்தும்.

"எங்களுக்குக் குழந்தை இல்லை, இதை நாங்களே வளர்க்கிறோம்" என்று கார் எடுத்துக்கொண்டு முகாமுக்கே வருவார்கள். நல்லவர்களாகவே இருக்கலாம். சட்ட வழியில் இல்லாமல் தத்து கொடுத்தாலும் வாங்கினாலும் பிரிவு 80-ன் கீழ் மூன்று வருடம் வரை சிறை. பிள்ளைக்கு உறவு யாரும் இல்லை என்று குழந்தைகள் நலக் குழு விசாரித்து, தத்துக்குத் தகுதி என்று அறிவிப்பதற்கே இரண்டு வயது வரை என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். அதுவரை தேடத்தான் வேண்டும். 2010-ல் ஹைட்டி பூகம்பத்துக்குப் பிறகு அமெரிக்கத் தேவாலயக் குழு ஒன்று 33 பிள்ளைகளை "அநாதைகள்" என்று சொல்லி எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்து மாட்டிக்கொண்டது. விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்.

போட்டோ. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் முகம், பெயர், பள்ளி, ஊர், அடையாளம் தெரிகிற எதையும் ஊடகத்தில் போடக் கூடாது. பிரிவு 74. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். "பெற்றோரைத் தேடும் சிறுமி, அதிகம் பகிருங்கள்" என்று ஃபேஸ்புக்கில் போடும் நண்பர்களுக்கு இதைக் காட்டுங்கள். தேடுவதற்குப் போட்டோ போட வேண்டுமா என்பதை நலக் குழு முடிவு செய்யும்.

காணாமல் போன பிள்ளைக்கு, "ரெண்டு நாள் பார்ப்போம், தண்ணி வடியட்டும்" என்று ஸ்டேஷனில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புகார் வந்தவுடன் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யார் தலைமை என்கிற உங்கள் கேள்விக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. சுனாமிக்கு அடுத்த வருடம் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். இளைஞர் நீதிச் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு குழந்தைகள் பாதுகாப்பு அலகும் அவர் மேற்பார்வையில்தான் வருகிறது. ஆக மேலே ஒரே ஆள்தான். கீழே முகாமில்தான் ஆறு பேர் ஆறு பக்கம் இழுக்கிறோம்.

---

பாகூர்காரன்:

புதுச்சேரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் குழந்தைகள் பாதுகாப்பு வேலைதான் பார்க்கிறேன், ஊர் பாகூர் பக்கம். ஐ.நா. விஷயம் கேட்டிருந்தீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2005-ல்தான் அந்த கிளஸ்டர் ஏற்பாடு உலக அளவில் வந்தது. ஒரு துறைக்கு ஒரு அமைப்பு பொறுப்பு. பாதுகாப்புக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம், அதற்குள் குழந்தைகள் பாதுகாப்புக்கு யுனிசெஃப். நம் ஊர் வெள்ளத்துக்கு அதெல்லாம் இறங்காது, இங்கே அரசுதான் தலைமை. ஆனால் பேரிடர் நேரத்துக் குழந்தைகள் பாதுகாப்புக்கு "குறைந்தபட்சத் தரநிலைகள்" என்று 2012-ல் எழுதி 2019-ல் திருத்திய கையேடு உருப்படியானது. மொத்தம் 28 தரநிலை. முதலாவதே ஒருங்கிணைப்பு. பதின்மூன்றாவது பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள். எனக்குப் பிடித்தது கடைசி எட்டு, 21-லிருந்து 28 வரை. உணவு, பிழைப்பு, கல்வி, மருத்துவம், ஊட்டச்சத்து, தண்ணீர்-கழிப்பறை, தங்குமிடம், முகாம் நிர்வாகம் என்று மற்ற துறைக்காரர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பது அதில் இருக்கிறது. பள்ளிக்கூடக் கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்பதும் குழந்தைகள் பாதுகாப்புதான் என்று நகராட்சி இன்ஜினியரிடம் போய் உட்கார்ந்து பேச வைக்கிறது. பதினாலு வயதுப் பெண் ராத்திரி இருட்டில் தனியாகப் பின்பக்கம் போகிற முகாமில் கவுன்சலிங் மேஜை போட்டு என்ன பிரயோஜனம்?

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் நாகப்பட்டினம். 2005 ஜனவரியிலேயே தொண்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து கலெக்டர் அலுவலகத்தோடு இணைந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் நடத்தினார்கள். எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது.

இப்போது நம் எல்லைப் பிரச்சினைக்கு வருகிறேன், இதை யாரும் பேசுவதில்லை. தென்பெண்ணை பொங்கினால் பாகூர் பக்கமும் மூழ்குகிறது, உங்கள் பக்கமும் மூழ்குகிறது. வரப்புக்கு இந்தப்புறம் புதுச்சேரி, அந்தப்புறம் கடலூர் மாவட்டம். ஆற்றுக்குத் தெரியுமா எல்லை? ஆனால் போலீஸ் வேறு, நலக் குழு வேறு, பாதுகாப்பு அலகு வேறு. பிள்ளைகள் பிரிவது பெரும்பாலும் தண்ணீரால் இல்லை, 108 வண்டியால். கடலூர் முகாமில் கர்ப்பிணிக்கு வலி எடுக்கிறது, அரசு மருத்துவமனையிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்புகிறார்கள், கணவன் கூடவே ஏறிக்கொள்கிறான். மூத்த பிள்ளை ரெண்டும் முகாமில் தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்து அழும்போது, ராத்திரி பார்த்த தன்னார்வலர் ஷிஃப்ட் முடிந்து போயிருப்பார். வண்டி ஏறுகிறவர்களிடம் "பிள்ளை யாரிடம்?" என்று கேட்டு எழுதுவது அந்த நோட்டுக்காரர் வேலை.

குழந்தை எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைத்தால் இங்குள்ள நலக் குழு முதலில் எடுக்கும், விசாரித்துவிட்டுச் சொந்த ஊர்க் குழுவுக்கு மாற்றும். அதற்கு நாள் ஆகும். ரெண்டு பக்கத்துப் பாதுகாப்பு அலுவலர் நம்பரும் ரெண்டு பக்கத்து நோட்டு அட்டையிலும் முன்கூட்டியே எழுதியிருந்தால், தேடும் வேலை ஒரு போனில் முடியும்.

---

கடல்காத்து:

எல்லாம் சரிங்க. ரெண்டு நாள் முகாமுக்கு 28 தரநிலை, மூணு சட்டப் பிரிவு, ஒரு நோட்டு! தண்ணி வடிஞ்சா அவனவன் வீட்டுக்குப் போயிடுவான். சோறு போட வந்த பசங்களை பயமுறுத்தி அனுப்பிடாதீங்க.

---

உப்பலவாடி_இளைஞன்:

நன்றி அம்மா, வக்கீல் சார், பாகூர் அண்ணா. கடல்காத்து அண்ணன் கேட்டதையே எங்கள் பசங்களும் கேட்கிறார்கள். இன்னொரு சந்தேகம். நோட்டில் எழுதும்போது ஒரு பிள்ளை தனக்கு நடந்த ஏதாவது மோசமான விஷயத்தைச் சொன்னால் அதையும் அதில் எழுதுவதா? எல்லோரும் பார்க்கிற நோட்டாயிற்றே. முகாம் முடிந்த பிறகு நோட்டை என்ன செய்வது?

---

ஓய்வுபெற்ற_சூப்பர்வைசர்:

எழுதவே கூடாது தம்பி. "இவளைப் பற்றி டீச்சரைக் கேட்கவும்" என்று ஒரு குறி போதும். பிள்ளை சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே தனித்தாளில் எழுதி உறையில் போட்டு, பாதுகாப்பு அலுவலர் கையில் மட்டும் கொடுங்கள். தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள், அது உங்கள் வேலையில்லை. பாலியல் விஷயம் என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கிறோம் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். மீனவர் ஊர்களில் பஞ்சாயத்துக்கு நல்ல மரியாதை உண்டு, பல விஷயத்தில் அவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இந்த ஒன்றுக்கு மட்டும் அவர்களிடமே நேராகப் போய், "இது எங்க கையிலயும் இல்ல, உங்க கையிலயும் இல்ல" என்று மழைக்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

கடல்காத்து தம்பிக்கு: முகாம் ரெண்டு நாள்தான், வாஸ்தவம். தண்ணி வடிந்த பிறகுதான் வேலை ஆரம்பம் என்று நான் சொல்வேன். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முந்திரி மறுபடி காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதுவரை அந்த வீட்டுக்கு வருமானம்? குடும்பத்தோடு சூளைக்குப் போனார்கள், திருப்பூருக்குப் போனார்கள். பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றது பொங்கல் கழிந்துதான் டீச்சருக்குத் தெரிந்தது. படகும் வலையும் போன வீட்டில் பெண்ணுக்குப் பதினாறு வயதிலேயே கல்யாணப் பேச்சு எடுப்பார்கள், "ஒரு வயிறாவது குறையும்" என்பார்கள். முகாமில் யாரும் இதைக் கேட்டிருக்க முடியாது, அப்போது நடக்கவே இல்லையே.

அதனால்தான் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். முகாம் மூடும் அன்று டீச்சரும் வி.ஏ.ஓ.வும் கையெழுத்துப் போட்டு, பாதுகாப்பு அலகுக்கு ஒரு நகல் போக வேண்டும். மூலம் அங்கன்வாடிப் பீரோவில், பூட்டில். உங்கள் மன்றத்திடம் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் அந்தப் பெயர்களை டீச்சரோடு உட்கார்ந்து பள்ளி வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வராத பிள்ளை வீட்டுக்கு ஒரு நடை. சர்டிபிகேட், ஆதார், புத்தகம் தண்ணியில் போனதால் வெட்கப்பட்டு வராத பிள்ளை இருக்கும், அது சுலபமான கேஸ். பெண்ணுக்குக் கல்யாணப் புடவை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் உடனே 1098.

இன்னொன்று. உதவித்தொகை அறிவிப்பு வந்ததும் பட்டியல் வீங்கும். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு ஐந்து லட்சம், ஒருவரை இழந்த பிள்ளைக்கு மூன்று லட்சம் என்று அரசு அறிவித்தபோது அதுவரை எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் பிள்ளையை வளர்க்கப் போட்டி போட்டதைப் பார்த்தோம். அந்த நேரத்தில், வெள்ளத்தன்று ராத்திரி அந்தப் பிள்ளை யாரோடு இருந்தது என்று எழுதிய ஒரு வரி நோட்டில் இருந்தால் விசாரிக்க வருகிறவருக்கு ரொம்ப உதவும்.

---

பாகூர்காரன்:

தம்பி, எந்த ஞாயிறு உட்காருகிறீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் பக்கத்து அங்கன்வாடி டீச்சர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பாதுகாப்பு அலகிலிருந்தும் ஒருவரை அழைத்துப் பார்க்கிறேன். மத்தியானத்துக்கு மேல் வையுங்கள், காலையில் டீச்சருக்குச் சர்ச்.